ராட்வைலர் வாங்கலாமா என்று கேட்ட குடும்பத்துக்கு

கேள்வி இதுதான். வீட்டில் கணவன், மனைவி, 4 வயதில் ஒரு பையன், 9 வயதில் ஒரு பெண், 72 வயதில் அம்மா. சுற்றுச்சுவர் உள்ள தனி வீடு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பாதுகாப்புக்கு ஒரு பெரிய நாய் வேண்டும், பிள்ளைகளோடும் அது விளையாட வேண்டும். ராட்வைலர், கேனே கோர்சோ, காக்கேசியன் ஷெப்பர்ட் மூன்றில் எது ஒத்துவரும்? நாய் வளர்த்த அனுபவம் என்று பார்த்தால், சிறுவயதில் வீட்டில் இருந்த ஒரு பொமரேனியன்.

எது என்று சொல்வதற்கு முன்னால் நான் எல்லோரிடமும் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. போன வாரம் உங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வருகிறவர், பையனோடு விளையாட வருகிற வாண்டுகள், பார்சல் கொண்டுவருகிறவர்கள், குழாய் சரிசெய்ய வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற உறவினர், அம்மாவைப் பார்க்க வருகிற அவர் வயதுத் தோழிகள். காவல் நாய் வாங்க நினைக்கிறவர்கள் "கடிக்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பல் இருக்கிற எந்த நாயும் கடிக்கும். எந்த வீட்டில் அது நிம்மதியாக இருக்கும், எந்த வீட்டில் இருக்காது என்பதை இந்த வாசல் கணக்குதான் பெரும்பாலும் சொல்லிவிடும்.

காரணம் எளிது. காவல் இனம் என்பது மனிதர்களை நம்மவர், வெளியாள் என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்க்கப்பட்ட இனம். லாப்ரடாருக்குப் புது மனிதர் என்றால் புது நண்பர். காவல் நாய்க்குப் புது மனிதர் என்றால் ஒரு கேள்வி: இவரை விடலாமா, கூடாதா? கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி எழும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அது தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொள்ளும், 45 கிலோ எடையோடு.

வாரத்துக்கு நான்கைந்து பேர், அதுவும் தெரிந்த முகங்களே வருகிற வீட்டில் இந்த நாய்கள் அருமையாக வாழ்கின்றன. நாள் முழுக்கக் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கிற வீட்டில் அதே நாய் ஓயாத பதற்றத்தில் இருக்கும். அல்லது வாழ்நாளில் பாதியைப் பூட்டிய அறையில் கழிக்கும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. யாரோ வருகிறார்கள் என்றால் "நாயைக் கட்டு" என்று ஒரு குரல், அப்புறம் அவிழ்க்க மறந்துபோய்விடும். கட்டியே கிடக்கிற நாய், ஆள் வருவதையும் தன் கழுத்து இறுகுவதையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஒரே வருடத்தில் அதன் குணம் மாறிவிடும்.

இதில் எனக்கு அதிகக் கவலை தருவது பிள்ளைகளின் நண்பர்கள்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாய்க்கு நம்மவர்கள், சரி. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து உங்கள் பையனைப் பிடித்துத் தள்ளுகிறான், இவன் வீறிட்டுக் கத்துகிறான். நமக்கு அது விளையாட்டு. நாய்க்குத் தெரிவது, தன் வீட்டுக் குழந்தையை வெளியாள் ஒருவன் தாக்குகிறான் என்பது. நல்ல குணமுள்ள, நன்றாகப் பழக்கிய நாய்கூட இந்த இடத்தில் குழம்பும். அதனால் நான் வைத்திருக்கும் விதி: வெளிப் பிள்ளைகள் வந்து ஓடியாடும் நேரத்தில் காவல் நாய் அவர்களோடு ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. நடுவில் கதவோ கம்பித் தடுப்போ இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் நாய்க்குக் கடித்துச் சுவைக்க ஏதாவது இருக்க வேண்டும். இதை ஒரு நாள் இரண்டு நாள் செய்யலாம். பத்து வருடம் செய்வீர்களா?

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். என் இரண்டாவது ராட்வைலருக்கு அப்போது 20 மாதம். என் மைத்துனர் மாதம் ஒரு தடவையாவது வருவார், அதைக் குட்டியிலிருந்து தூக்கிக் கொஞ்சியவர். ஒரு மழை இரவில், தலையில் ஹெல்மெட்டோடும் மேலே மழைக்கோட்டோடும், கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்தார். நாய் குரைக்கவில்லை. படியில் எழுந்து நின்றது. தலை தாழ்ந்தது, உடம்பு இறுகியது, கண் அவர் மேலேயே இருந்தது. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்களே, அதன் மறுபக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மைத்துனர் நல்லவேளையாக அப்படியே நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் கேட்டதும் உடம்பு முழுவதும் தளர்ந்து ஓடிப்போய்க் குழைந்தது. அவர் இன்னும் இரண்டடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. நாய் மேல் ஒரு தவறும் இல்லை. கேட்டுக்குப் பூட்டுப் போடாதவன் நான்.

அந்த 20 மாதம் என்ற வயதைக் கவனியுங்கள். எல்லோரும் 8 வாரக் குட்டியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். குட்டி எல்லோர் மடியிலும் ஏறும், யார் வந்தாலும் வாலாட்டும். "எங்கள் ராட்வைலர் அப்படியில்லை, ரொம்ப சாது" என்று பத்தாவது மாதத்தில் பெருமையாகச் சொல்வார்கள். பெரிய காவல் இனங்கள் உடம்பால் வளர்ந்து முடிய ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். மனதால் முதிர ஏறக்குறைய ஒன்றரை முதல் மூன்று வயது வரை ஆகும். காவல் குணம் முழுமையாக விழிப்பது அந்தக் காலத்தில்தான். அதே பாலின நாய்களைக் கண்டால் பொறுக்காமல் போவதும் அப்போதுதான். நீங்கள் வாங்கப்போவது குட்டியை அல்ல, அந்த இரண்டு வயது நாயை. அதனால் எந்த இனத்தை நினைத்தாலும் அந்த இனத்தில் வளர்ந்த நாய்கள் நான்கைந்தை, அவை வாழும் வீட்டிலேயே போய்ப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். நாய்க் கண்காட்சியில் பார்ப்பது கணக்கில் வராது. அது அதன் வீடு அல்ல.

சரி, இனங்களுக்கு வருவோம். பெரிய காவல் நாய் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவற்றில் வேறு வேறு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை என்ன என்று தெரிந்தால் குணம் பாதி புரிந்துவிடும்.

காக்கேசியன் ஷெப்பர்ட், துருக்கியின் கங்கால், பிரான்ஸ், ஸ்பெயின் எல்லை மலைகளின் கிரேட் பிரனீஸ் எல்லாம் மந்தைக் காவலர்கள். ஆட்டு மந்தையோடு மலையில் இரவெல்லாம் இருந்து ஓநாயையும் கரடியையும் விரட்டுவதற்காக வளர்த்தவை. பக்கத்தில் மேய்ப்பன் இருந்தாலும் தூங்கிக்கொண்டிருப்பான். அவனை எழுப்பி உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கிற நாய் மந்தையைக் காப்பாற்றாது. ஆகவே தானே முடிவெடுக்கிற நாய்களையே மேய்ப்பர்கள் தலைமுறைகளாக வைத்துக்கொண்டார்கள். நீங்கள் "வா" என்று கூப்பிட்டால் அதன் காதில் விழும். வருவதா வேண்டாமா என்று யோசிக்கும். இரவில் குரைப்பது அதற்குக் கெட்ட பழக்கம் அல்ல, வேலை. ஓநாய்க்கு "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிப்பது. உங்கள் அண்டை வீட்டாருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆண் காக்கேசியனுக்குக் குறைந்தபட்ச எடையே 50 கிலோ. 70, 80 தாண்டுவதும் உண்டு. கண்காணிக்க ஏக்கர் கணக்கில் நிலமும், காக்க ஆடு மாடும் இல்லாத இடத்தில் இதை வைத்தால் தெருவில் போகிறவர்களையெல்லாம் அது ஓநாயாகத்தான் பார்க்கும்.

புல்மாஸ்டிஃப் வேறு ரகம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய எஸ்டேட்களின் காவலர்கள், இரவில் திருட்டு வேட்டைக்கு வருகிறவர்களைப் பிடிப்பதற்காக மாஸ்டிஃப் என்ற பெரிய காவல் நாயையும் பழைய புல்டாகையும் கலந்து உருவாக்கியது. சத்தமில்லாமல் நெருங்கி, ஆளைக் கீழே தள்ளி அமுக்கிப் பிடிக்க வேண்டும், குதறக் கூடாது. இன்றும் அந்தச் சத்தமில்லாத குணம் இருக்கிறது. வீட்டுக்குள் பெரும்பாலும் சோம்பேறி. மாஸ்டிஃப் வகைகளில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது இதுதான், எச்சில் ஒழுகுவதைச் சகித்துக்கொள்ள முடிந்தால். (சுவரிலும் ஒழுகும். கூரையிலும் பார்த்திருக்கிறேன். தலையை உதறினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.)

கேனே கோர்சோ இத்தாலியப் பண்ணைகளில் காவலுக்கும் மாடு ஓட்டவும் பன்றி வேட்டைக்கும் பயன்பட்டது. அழிவின் விளிம்பு வரை போய், 1970களுக்குப் பிறகு ஆர்வலர்களின் முயற்சியால் மீண்டது. ஆண் 45 முதல் 50 கிலோ. மாஸ்டிஃப் உருவம்தான், ஆனால் சோம்பல் கிடையாது. இப்போது இதற்கு உலகம் முழுக்க மோகம். மோகம் வந்த இனத்தில் காது, நிறம், தலை அளவு பார்த்து விற்கிறவர்கள் பெருகுவார்கள், குணம் பார்த்து வளர்க்கிறவர்கள் தேடித்தான் கிடைப்பார்கள்.

ராட்வைலர் ஜெர்மனியின் ராட்வைல் என்ற ஊர்ப் பெயரைச் சுமக்கிறது. கசாப்புக்காரர்களின் மாடுகளை ஓட்டியும் வண்டி இழுத்தும் பிழைத்தது, 1910இல் அங்கே போலீஸ் நாயாக ஏற்கப்பட்டது. ஆண் சுமார் 50 கிலோ, பெட்டை சுமார் 42. மனிதனோடு சேர்ந்து வேலை செய்து வந்த பரம்பரை என்பதால் மந்தைக் காவலர்களைவிட அதிகமாக நம் முகத்தைப் பார்க்கும், சொன்னால் கேட்கும். டாபர்மேனும் ஜெர்மன் ஷெப்பர்டும் இதே வரிசையில் வருபவை. அவற்றுக்கு ஓட்டமும் மூளைக்கு வேலையும் இன்னும் கூடுதலாக வேண்டும். வேலை கொடுக்காவிட்டால் தாமே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும், பெரும்பாலும் சோபாவில்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே உடைத்தாக வேண்டும். "குட்டியில் வெளியாட்களோடு பழக விட்டால் காவல் குணம் போய்விடும்" என்று அனுபவசாலிகள் போலச் சொல்வார்கள். நேர் எதிர்தான் உண்மை. குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை உலகத்தைப் பற்றிய அதன் அகராதி எழுதப்படுகிறது. குடை, ஊன்றுகோல், சக்கர நாற்காலி, தொப்பி, தாடி, அழுகிற குழந்தை, தடுமாறி நடக்கிற முதியவர் எல்லாம் அதில் "சாதாரணம்" என்ற பக்கத்தில் ஏற வேண்டும். எது சாதாரணம் என்று தெரிந்த நாய்க்குத்தான் எது வழக்கத்துக்கு மாறானது என்று தெரியும். நான்கு சுவருக்குள் பூட்டி வளர்த்த நாய்க்கு எல்லாமே அந்நியம், எல்லாவற்றுக்கும் பயம். பயந்த பெரிய நாயைப் போல ஆபத்தானது வேறில்லை. தடுப்பூசிகள் முடியாத வாரங்களில் தரையில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டோ காரில் உட்கார வைத்தோ காட்டலாம். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அதேபோல, கடிக்கப் பழக்குகிறேன் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பாதுகாப்புப் பயிற்சி என்பது, சொன்னால் பிடிக்கவும் சொன்ன நொடியில் விடவும் கற்றுக்கொடுப்பது. விடுவதற்குத்தான் வருடக்கணக்கில் உழைப்பு தேவை. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு குட்டியை உசுப்பிவிடுகிறவர் உங்களுக்குத் தருவது, பாதியில் நின்றுபோன ஆயுதம். பெரிய காவல் இனங்களுக்குக் காவல் குணத்தைக் கற்றுத்தர வேண்டியதில்லை, அது ரத்தத்தில் இருக்கிறது. அடக்கத்தைத்தான் கற்றுத்தர வேண்டும். அடித்து அல்ல. "நீதான் தலைவன் என்று காட்டு, மல்லாத்திப் போட்டு அமுக்கு" என்ற பாடமெல்லாம் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து வந்த பழைய கருத்து. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் அவர்களே, இயற்கையில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் தன் பழைய சொல்லைத் திருத்திக்கொண்டார். 50 கிலோ நாயோடு மல்யுத்தம் போட்டு நீங்கள் ஜெயிக்கப்போவதும் இல்லை.

உங்கள் 4 வயதுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். மேலை நாட்டு ஆய்வுகளில் குழந்தைகளைக் கடிக்கிற நாய் பெரும்பாலும் முன்பின் தெரியாத நாய் அல்ல. வீட்டு நாய், உறவினர் வீட்டு நாய், பக்கத்து வீட்டு நாய். சிறு குழந்தைகளுக்கு முகத்திலும் தலையிலும்தான் அதிகம் படும், நாயின் வாயும் அவர்கள் முகமும் ஒரே உயரத்தில் இருப்பதால். பெரும்பாலான நேரம் நாய் முன்கூட்டியே சொல்லியிருக்கும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், உடம்பைக் கல்லாக்கும், அப்புறம் உறுமும். இதில் பெரியவர்கள் கவனிப்பது கடைசி ஒன்றை மட்டும்தான், அதற்கும் அடி கொடுத்து அடக்கிவிடுவார்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதைத்தான் நிறுத்தும், பிடிக்காமை அப்படியே இருக்கும். அடுத்த தடவை முன்னறிவிப்பு இல்லாமல் நேராக வாய் வரும். நாய் குழந்தையைப் பார்த்து உறுமினால், நன்றி என்று மனதில் சொல்லிக்கொண்டு குழந்தையை மெதுவாக அப்பால் கூட்டிப்போங்கள். அது ஏன் சொன்னது என்பதை அன்றைக்கே கண்டுபிடியுங்கள். காதில் புண்ணா, இடுப்பில் வலியா, எலும்பு வைத்திருந்ததா, தூங்கிக்கொண்டிருந்ததா?

4 வயதுப் பிள்ளை கட்டிப்பிடிக்கும், மேலே படுக்கும், தட்டில் கைவைக்கும். "செய்யாதே" என்று பத்து தடவை சொல்லலாம், பதினோராவது தடவை நீங்கள் சமையலறையில் இருப்பீர்கள். ஆகவே இந்த வயதில் தனியாக விடக்கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பகலில் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றப்போவது யார்? உங்கள் அம்மாதானே.

அதுதான் எனக்கு இடிக்கிற இடம். நாயின் லீஷைப் பிடிக்க வேண்டியவர் வீட்டிலேயே பலசாலி அல்ல, நாயோடு அதிக நேரம் இருக்கப்போகிறவர். 72 வயதில் ஒருவர் கீழே விழ நாய் கடிக்க வேண்டியதே இல்லை. வாசலில் மணி அடித்ததும் 45 கிலோ நாய் பாய்ந்து ஓடும் வழியில் அவர் நின்றிருந்தால் போதும், அன்போடு உரசிச் சாய்ந்தாலும் போதும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டு வருவது எளிதல்ல. நாய் வந்தபின் அம்மா தன் அறையை விட்டு வெளியே வரத் தயங்கினால், காவலுக்கு நாய் வாங்கி வீட்டின் ஒரு ஆளைச் சிறைவைத்தது போலாகிவிடும். இதை வாங்குவதற்கு முன் அவரிடமே கேட்டீர்களா? பெரும்பாலான வீடுகளில் கேட்பதில்லை.

உடல்நலம் பற்றி முழுதாக எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். தெரிந்தே ஆக வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பெரிய, ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்கிற ஆபத்து உண்டு. வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒன்றும் வராது. எச்சில் வழியும், இருப்புக் கொள்ளாமல் அலையும், வயிறு மத்தளம் போல் ஆகும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காலையில் நாய் இருக்காது. அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்கிற கால்நடை மருத்துவமனை எது என்று நாய் வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 45 கிலோவை யார் தூக்கிக் காரில் ஏற்றுவது என்பதும்.

அடுத்தது எலும்பு. பெரிய இனக் குட்டிகளை வேகமாக வளர்க்கக் கூடாது, ஒல்லியாக, மெதுவாக வளர விட வேண்டும். சத்துக்கு என்று தனியாகக் கால்சியம் கொடுப்பது பலர் செய்கிற தவறு. பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனத்தில் அளவோடு இருக்கிற கால்சியத்துக்கு மேல் கொடுத்தால் எலும்பு வளைகிறது, மூட்டு கெடுகிறது. கருத்தடை அறுவை எப்போது என்பதையும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ராட்வைலர் உள்ளிட்ட சில பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டாபர்மேன் என்றால் இதயம். இதயத் தசை தளர்ந்து விரிகிற நோய் அந்த இனத்தில் பரவலாக இருக்கிறது. ஆயுளும் குறைவு. ராட்வைலர் பெரும்பாலும் 8 முதல் 10 வருடம், இங்கிலீஷ் மாஸ்டிஃப் அதைவிடக் குறைவு. உங்கள் பையன் பள்ளி முடிக்கும் முன்பே அதை அடக்கம் செய்ய வேண்டிவரும்.

செலவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புழு மருந்திலிருந்து மயக்க மருந்து வரை எல்லாம் எடைக் கணக்கு. 10 கிலோ நாய்க்கு ஆகிற செலவைப் போலப் பல மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அயர்லாந்தில் ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், புல்மாஸ்டிஃப் போன்றவற்றைப் பொது இடத்தில் வாய்க்கூடு மாட்டி, குட்டையான லீஷில், 16 வயது தாண்டியவர்தான் கூட்டிப்போக வேண்டும். பிரிட்டனில் 1991 சட்டப்படி டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகிய நாய் இனங்களை வைத்திருக்கவே தடை. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். வாடகை வீட்டுக்கு மாற வேண்டிவந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வார், ஊருக்குப் போகும்போது எந்த நாய் விடுதி இதை ஏற்கும் என்பதையும் கேட்டுவையுங்கள். பெரிய காவல் இனம் என்றதும் இடம் இல்லை என்று கைவிரிக்கிறவர்கள் அதிகம். சட்டம் கேட்காவிட்டாலும் வாய்க்கூடு மாட்டக் குட்டியிலேயே பழக்கிவிடுவது நல்லது. அடிபட்டு வலியில் இருக்கிற நாளில் மருத்துவர் அதைத் தொட வேண்டுமே.

இப்போது உங்கள் மூன்று இனங்கள். காக்கேசியன் ஷெப்பர்ட் வேண்டாம். யோசிக்கவே வேண்டாம். கேனே கோர்சோ முதல் பெரிய நாயாக, இவ்வளவு சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு, வேண்டாம் என்றுதான் சொல்வேன். ராட்வைலர் நடக்கக்கூடியது, ஆனால் இன்றைக்கு அல்ல. உங்கள் பையனுக்கு 7 வயதாகட்டும். அப்போதும் ஆண் வேண்டாம், பெட்டை பாருங்கள். தாயை நேரில் காட்டாத, முடிந்தால் தந்தையையும் காட்டாத வளர்ப்பாளரிடம் வாங்காதீர்கள். தாய் உங்களைப் பார்த்து ஒளிந்தாலோ, கூண்டைப் பிய்த்துக்கொண்டு வந்தாலோ, குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, இரண்டு வயதுக்குப் பிறகு எடுத்தது, இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் கோபப்படுகிறவர் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

குட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. மூன்று வயது தாண்டிய, குழந்தைகளும் முதியவரும் இருந்த வீட்டிலேயே வாழ்ந்த, ஏதோ காரணத்தால் வேறு இடம் தேடுகிற நாய். குணம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது, சூதாட்டம் குறைவு. பழைய வீட்டுக்கு நான்கைந்து தடவை போய்ப் பாருங்கள். ஏன் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள், அக்கம்பக்கத்தாரையும் கேளுங்கள்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது இரவில் யாராவது சுவர் ஏறினால் எழுப்பிவிடுகிற ஒரு காது என்றால், அதற்கு இவ்வளவு பெரிய உடம்பு தேவையில்லை. 15 கிலோ நாய்க்கும் அதே காதுதான். குரைப்புச் சத்தமும், வெளியே எரிகிற விளக்கும், பூட்டிய கேட்டும் வீட்டுக் காவலில் பெரும்பங்கைப் பார்த்துக்கொள்ளும். மீதிப் பங்குக்காக 45 கிலோவை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ராட்வைலர் ஆசை போகவில்லை என்றால், அது எனக்கும் போகவில்லை, புரிகிறது. வளர்ந்த பெட்டை ஒன்று இருக்கிற வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உரிமையாளர் லீஷைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க, அம்மா ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் உட்காரட்டும். நீங்கள் நாயோடு விளையாடப் போய்விடாதீர்கள். அது எங்கே படுக்கிறது என்று பாருங்கள், அம்மா தன் கைகளை எங்கே வைத்துக்கொள்கிறார் என்றும் பாருங்கள்.